ஞானஸ்நான நாளில் மட்டும் திறக்கும் கதவு

எங்கள் தோட்டத்து வேதக்கோயில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது. பொகவந்தலாவைப் பக்கம், தேயிலை மலைக்கு நடுவில், முழுக்கக் கருங்கல். உள்ளே பெஞ்சுகளுக்கு இடுப்பளவு உயரத்தில் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. ஒவ்வொரு கதவிலும் பித்தளையில் ஒரு இலக்கம். இன்ன துரை குடும்பத்துக்கு இன்ன பெஞ்சு என்று அந்தக் காலத்தில் பிரித்து வைத்திருந்தார்களாம். எங்கள் ஆட்கள் வாசல்படியில் நின்றுதான் பிரசங்கம் கேட்டிருக்கிறார்கள். இப்போது துரையும் இல்லை, துரைசாணியும் இல்லை. பதினான்கு குடும்பம் நாங்கள்தான் இருக்கிறோம். ஆனாலும் முன்னால் உள்ள மூன்று பெஞ்சுகளில் இன்றுவரை யாரும் உட்காருவதில்லை. தடுக்கிறவர் யாரும் கிடையாது. கால் அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான்.

நான் அந்தக் கோயிலைக் கூட்டித் துடைக்கிறவள். ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கியவள். வேதமும் பாட்டுப் புத்தகமும் வாசிப்பேன். மலையில் வேலை செய்த காலத்திலேயே ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கதவு திறந்து, மணி அடித்து, பெஞ்சு துடைத்துவிட்டு வருவேன். வேலையிலிருந்து நின்ற பிறகு எனக்கு அது ஒன்றுதான் வேலை.

வடக்குச் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. குனிந்துதான் நுழைய முடியும். அதற்கு வெளியே பாதை கிடையாது. மலைச்சரிவு சுவரை ஒட்டி இறங்குவதால் அங்கே வெயில் விழாது. கல்லெல்லாம் பாசி, புல்லெல்லாம் அட்டை. வருஷம் முழுக்க அந்தக் கதவு பூட்டியே இருக்கும். ஞானஸ்நானம் நடக்கிற நாளில் மட்டும் திறப்போம். போதகர் பிள்ளையைக் கையில் வாங்கும்போது திறக்க வேண்டும், ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் மூட வேண்டும். துரைமார் அப்படிச் செய்தார்கள், வாசல்படியில் நின்ற எங்கள் ஆட்கள் பார்த்தார்கள், துரைமார் போன பிறகும் நாங்கள் செய்கிறோம். ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் கதவைத் திறந்து வைத்தால் அது யாரோ உள்ளே வருவதற்கு. ஆகவே தேவதூதர்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டோம். திறக்கிறவர் ஒதுங்கி நின்று, கல்யாண வீட்டு வாசலில் சொல்வது மாதிரி "வாங்க, உள்ள வாங்க" என்று சொல்ல வேண்டும். அதை மட்டும் எங்கள் ஆட்களே சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

முப்பது வருஷமாக அந்தக் கதவைத் திறக்கிறவள் நான். ஒவ்வொரு தடவையும் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். போதகர் கையில் வீறிட்டு அழுகிற பிள்ளை, கதவு திறந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பும். வெளிச்சத்தைப் பார்க்கிறது என்பார்கள். அங்கே ஏது வெளிச்சம்? பனிமூட்டம்தான் நிற்கும். ஆள் வந்து நின்றால் முகம் இருக்கிற உயரத்தில் பிள்ளை பார்க்காது. கீழே, முழங்காலுக்கும் கீழே, தரையோடு தரையாகப் பார்க்கும். பிறகு அதன் கண் மெல்ல நகர்ந்து நகர்ந்து கோயிலுக்குள் வரும்.

அந்தக் கதவுக்கு வெளியேதான் என் முதல் குழந்தை இருக்கிறது.

எனக்கு அப்போது இருபத்தோரு வயது. நல்ல மழைக்காலம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பரா அறையிலேயே பிறந்தது. இரண்டு நாள் இருந்தது. போதகர் மாதத்துக்கு ஒரு முறைதான் எங்கள் தோட்டத்துக்கு வருவார். ஆள் அனுப்பிக் கூப்பிடலாம் என்றால் மண் சரிந்து பாதை மூடியிருந்தது. மூன்றாம் நாள் விடியும்போது குழந்தை இல்லை. அப்போது சபையைப் பார்த்துக்கொண்ட மூப்பர், துரைமார் காலத்து ஒழுங்கு என்று ஒன்றைச் சொன்னார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு அடக்க ஜெபம் கிடையாது, தெற்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது, வடக்குப் பக்கம்தான். அவர் கெட்ட மனுஷன் இல்லை. தனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தார். என் வீட்டுக்காரர் தானே குழி வெட்டினார். சிலுவை வைக்கவில்லை, கல்லும் வைக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை ஜெபிக்கவும் இல்லை. அங்கே இன்னும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெருமழை பெய்தால் சரிவில் சின்னச் சின்னப் பள்ளமாகத் தண்ணீர் நிற்கும். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் கதவைத் திறக்கும்போது வாய்விட்டு "வாங்க" என்பது தேவதூதர்களுக்கு. மனதுக்குள் "நீயும் வா" என்பது என் பிள்ளைக்கு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கர்த்தர் அறிவார். வருஷத்தில் மூன்று நான்கு ஞானஸ்நானம் வரும். அந்த மூன்று நான்கு முறைதான் அதை உள்ளே கூப்பிட எனக்கு வழி.

போன மழைக்குக் கூரை ஒழுகியது. பின்னறையில் இருந்த பழைய அலுமாரியை நகர்த்தினோம். அதற்குப் பின்னால், மெழுகுத்துணியில் சுற்றியபடி ஒரு தடித்த கொப்பி விழுந்து கிடந்தது. துரைமார் காலத்தில் இங்கே இருந்த வெள்ளைக்காரப் போதகர் ஐயா ஒருவர் கையால் எழுதிய பிரசங்கங்கள். இப்போதைய போதகர் ஹட்டனிலிருந்து வருகிற இளம் மனுஷன், நல்ல படிப்பாளி. தாளைப் போனில் படம் பிடித்து, பெரிதாக்கி, எழுத்தெழுத்தாக வாசிப்பார். சனிக்கிழமை நான் தரை துடைக்கும்போது அவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொல்வார்.

"அம்மா, இந்த ஐயா துரைமார என்ன வாங்கு வாங்கியிருக்காரு பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் சீட்டாடுகிறவர்களைத் திட்டியிருந்தார். தொப்பி காட்டுவதற்காகக் கோயிலுக்கு வருகிற துரைசாணிமாரைத் திட்டியிருந்தார். காலையில் வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்தி வீட்டு ஜெபம் நடத்திவிட்டு, ஜெபம் முடிந்ததும் அதே வேலைக்காரனைக் காலால் உதைக்கிற துரை ஒருவரை, பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதியிருந்தார். மரணம் உங்கள் தோட்டத்து எல்லைக் கல்லைவிடக் கிட்டத்தில் நிற்கிறது என்று ஒரு இடத்தில். நரகத்தைப் பற்றி மட்டும் பதினோரு பக்கம்.

"அப்ப துரைமாருக்கும் திட்டு விழுந்திருக்குங்களா ஐயா?"

"விழுந்திருக்கு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணி நேரம்."

"நீங்க இருவது நிமிஷத்துல விட்டுடுறீங்க."

"அதுக்கு மேல போனா நீங்க எல்லாரும் தூங்கிடுறீங்களேம்மா."

சிரித்தோம். சிரித்து முடித்தபோது அந்தப் பெரிய கோயிலில் எங்கள் சத்தம் ஒரு நொடி பிந்தித்தான் ஓய்ந்த மாதிரி இருந்தது. அவரும் கொப்பியை மூடிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு ஆராதனை முடிவில், போதகர் வேடிக்கையாக ஒன்று சொன்னார். அந்தக் கொப்பியில் நம்முடைய வடக்குக் கதவைப் பற்றி ஒரு பிரசங்கம் இருக்கிறது. இங்கிலாந்தில் கிராமத்துச் சனங்களிடம் ஒரு பழைய நம்பிக்கை இருந்ததாம். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையை விட்டுப் பிசாசு ஓடும், அது வெளியே போக வடக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று. இங்கே வந்த துரைமாரில் சிலர் அந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டு வந்திருக்கிறார்கள். இது அஞ்ஞானம், இனி அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று அந்த ஐயா கடிந்து பேசியிருக்கிறார்.

போதகர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முன்பு கங்காணியாக இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"அப்ப இத்தன வருசமா வெளிய ஓடறவன வழிமறிச்சு, வாங்க வாங்கன்னு உபசாரம் பண்ணிருக்கோமா?"

"கூப்பிட்டது நம்மளா? இந்தா, இந்த அக்காதான!" என்று ஒருத்தி என்னைக் காட்டினாள்.

"அப்ப அவன் வந்து முன் பெஞ்சுல சொகமா ஒக்காந்திருக்கான். அதான் அங்க எவனும் ஒக்கார மாட்டேங்கிறோம்" என்றார் பெரியவர்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்குக் கோயிலை விட்டு வெளியே போன வேகம் இருக்கிறதே, அப்படி ஒரு வேகம் நான் பார்த்ததில்லை. வழக்கமாகப் பலிபீடத்தின் முன்னால் போய் ஜெபித்துவிட்டுப் போகிறவர்கள்கூட முன் பெஞ்சுகளைக் கடந்து போகவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷம் நான் "நீயும் வா" என்று கூப்பிட்டேன். பிள்ளைகள் தரையோடு தரையாக எதையோ பார்த்தன. வந்தது என் பிள்ளை என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லையென்றால், வந்தது யார்?

அடுத்த மாதம் எங்கள் குடும்பத்திலேயே ஒரு ஞானஸ்நானம் இருந்தது. மகனுக்கு நான்கு மாதப் பெண்குழந்தை. மகன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறான்; மருமகளும் பேத்தியும் எங்களோடுதான் இருக்கிறார்கள். மருமகள் தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை, கல்யாணத்தோடு வேதத்துக்கு வந்தவள். இந்தக் குழந்தைக்கு முன்னால் அவளுக்கு ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து, வெறுங்கையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

போதகர் அதைச் சொன்ன ஞாயிறு பின்னேரம் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நம்ம பாப்பாவுக்கு அன்னைக்கு அந்தக் கதவு தொறக்க வேணாம்."

நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.

"அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியும் அத்தை. ஒங்க மகன் சொல்லிருக்காரு. ஒங்களுக்கு எம்புட்டுக் கஷ்டம்னும் தெரியும். ஆனா அங்கருந்து வர்றது என்னான்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு ஒண்ணு போயிடுச்சு. இதயும் குடுக்க என்னால முடியாது."

அழவில்லை அவள். அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். கண்ணைச் சிமிட்டாமல் நின்றாள்.

"சரி. தொறக்கல" என்றேன்.

வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "முப்பது வருசம் தொறந்தவ ஒரு நாளு தொறக்காட்டி என்னா, மலையா சரிஞ்சிடும்?" என்றார். அவர் வாயிலிருந்து மலை சரிவது என்ற பேச்சு வந்ததும் அவரே நிறுத்திக்கொண்டார். குழி வெட்டிய அந்த நாளுக்குப் பிறகு அவர் கோயிலின் வடக்குப் பக்கம் போனதே இல்லை. மழை பெய்தாலும் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கமாகத்தான் வருவார்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின சனிக்கிழமை நான் தனியாகக் கோயிலைத் துடைத்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கே பனி இறங்கி ஜன்னல் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. ஞானஸ்நானக் கல்தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். அந்தத் தொட்டி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். கழுவும்போது ஒரு பழக்கம் எனக்கு, பாட்டு முணுமுணுப்பது. அன்றைக்கு முணுமுணுக்கப் பயமாக இருந்தது. நான் நிறுத்தின பிறகும் அது தொடர்ந்துவிடுமோ என்று ஒரு பயம். வடக்குக் கதவுக்குக் கிட்டே துடைக்காமல் விட்டுவிட்டேன். என் பிள்ளைக்கு நான் பயந்தது அன்றைக்குத்தான்.

மூன்று மணிக்குப் போதகர் வந்தார். கொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அம்மா, அன்னைக்கு நான் முழுசா வாசிக்காமப் பேசிட்டேன். உக்காருங்க" என்றார்.

கொப்பியின் கடைசிப் பக்கங்களை அவர் அந்த வாரம்தான் வாசித்து முடித்திருக்கிறார். அந்த வெள்ளைக்கார ஐயா குதிரையில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிரசங்கம் செய்கிறவர். அப்படிப் போயிருந்த ஒரு நாளில் அவர் மனைவிக்கு மாதம் நிறையும் முன்பே பிரசவமாகிவிட்டது. ஆறு பெருகி ஐயாவால் திரும்பி வர முடியவில்லை. அவர் வந்து சேரும்போது குழந்தை இல்லை. தான் பிரசங்கித்த ஒழுங்கைத் தனக்காக மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. தன் குழந்தையைத் தானே வடக்குப் பக்கம் அடக்கம் செய்தார். அடக்க ஜெபப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"அப்ப அந்த ஐயா புள்ளையும் இங்கதானுங்களா?"

"இங்கதாம்மா. ஒங்க பிள்ளையோட."

அங்கே லயத்துப் பிள்ளைகள் மட்டும்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

போதகர் அடுத்த தாளைப் புரட்டினார். "இன்னொண்ணும் எழுதியிருக்காரு. உயிர் போற நேரத்துல ஐயாதான் வரணும்னு இல்லம்மா. யாரும் தண்ணி ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு சொல்லி ஞானஸ்நானம் குடுக்கலாம். அந்தக் காலத்துலயும் அப்படித்தான். அவரு மனைவி மயக்கமா கெடந்திருக்காங்க. குழந்தை பக்கத்துல இருந்தது நம்ம ஆளு, ஒரு ஆயா. அவங்களுக்குத் தெரியல. வாரா வாரம் ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணேன், என் வீட்டுக்குள்ள இருந்த பொம்பளைக்கு இந்த ஒண்ண நான் சொல்லிக் குடுக்கலன்னு எழுதியிருக்காரு."

"யாரும் ஊத்தலாமா?" என்று கேட்டேன்.

"ஊத்தலாம்மா."

"பெத்தவளும்?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கொப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

தண்ணீர்ச் சட்டி என் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். இரண்டு நாளும் அது அங்கேதான் இருந்தது.

போதகர் கொப்பியை மறுபடி கையில் எடுத்தார். பிறகு மிச்சத்தைச் சொன்னார். அதற்குப் பின் மூன்று பக்கம் வெறுமையாக இருக்கிறது. அப்புறம் எழுதிய எழுத்து சின்னதாகிவிட்டது. நரகத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது, கதவைத் திறக்காதே என்றும் இல்லை. கடைசித் தாளில், தனக்குப் பின் வருகிறவருக்கு ஒரு குறிப்பு: ஞானஸ்நானம் நடக்கையில் ஆமென் சொல்லும்வரை வடக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். காரணம் எழுதவில்லை.

"நாளைக்கு நான் ஒங்க மருமககிட்டப் பேசட்டுமாம்மா? இதக் காட்டினா அந்தப் பிள்ள ஒத்துக்கும்."

"வேணாங்க ஐயா. ஒரு பிள்ளையப் பறிகுடுத்தவகிட்ட தாளக் காட்டி வாயடைக்கக் கூடாது. தொறக்கலன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

ஞாயிறு காலையில் மகன் வந்துவிட்டான். பதினான்கு குடும்பமும் வந்தது. பனி அன்றைக்கு விலகவே இல்லை; மணி அடிக்கும்போது கயிறு நனைந்திருந்தது. நான் கடைசி பெஞ்சுக்குப் போய், சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நின்றேன். வடக்குக் கதவைப் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

போதகர் பேத்தியைக் கையில் வாங்கினார். அவள் அழுத அழுகைக்குக் கூரையிலிருந்த குருவி பறந்தது. தண்ணீரை அள்ளக் கை நீட்டினார். அழுகை சட்டென்று நின்றது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளை தலையைத் திருப்பி, பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவின் அடியை, தரை தொடும் இடத்தை.

அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. பலகையின் கீழ்ப்பக்கத்தில், வெளியிலிருந்து, மெதுவாக ஒரு பிராண்டல். தவழுகிற பிள்ளை கதவில் உள்ளங்கையை வைத்து இழுத்தால் வருகிற மாதிரி. நின்றது. மறுபடி கேட்டது.

"நாயா இருக்கும்" என்றார் பழைய கங்காணி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. போதகரின் கை தண்ணீரோடு அப்படியே நின்றது. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

மருமகள் கதவைப் பார்க்கவில்லை. தன் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். பல் இல்லாத வாயை முழுக்கத் திறந்து, தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"அத்தை" என்று கூப்பிட்டாள். "தொறங்க."

"வேணாம்னியேம்மா."

"வேணாம்னுதான் சொன்னேன். வெளிய நிக்க வச்சுட்டு நம்ம உள்ள எப்படி ஜெபம் பண்றது? தொறங்க அத்தை."

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். முன் பெஞ்சுகளைத் தாண்டிப் போனதும், பூட்டில் சாவி திரும்பியதும் ஏதோ வேறொருத்தி செய்கிற மாதிரி இருந்தது. கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை. நாய் இல்லை. புல் முழுக்கப் பனித்துளி, ஒரு துளிகூடக் கலையாமல் இருந்தது. நாய் வந்து போயிருந்தால் தடம் தெரியும். எலி ஓடியிருந்தாலும் தெரியும்.

நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. முப்பது வருஷம் சொன்ன வார்த்தை. அதைச் சொல்லாமல் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து மருமகள் சொன்னாள், "உள்ள வாங்க" என்று. பிறகு, பிள்ளையிடம் பேசுகிற குரலில், "உள்ள வா" என்றாள்.

பனி உள்ளே வந்தது. மேலே எழும்பவில்லை, தரையோடு தரையாக, பெஞ்சுகளுக்கு நடுவில் நகர்ந்து வந்தது. முன் பெஞ்சுகளில் ஒன்றின் சின்னக் கதவு கிறீச்சென்று திறந்து நின்றது. காற்று என்று பிற்பாடு என் வீட்டுக்காரர் சொன்னார். பலிபீடத்து மெழுகுதிரி இரண்டும் அசையாமல் எரிந்ததை நான் பார்த்தேன். எது வந்தது என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் என் பயம் போய்விட்டிருந்தது.

போதகர் பேத்தியின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். ஜெபித்தார். ஆமென் சொன்னோம். நான் கதவை மூடப் போனபோது, "இன்னைக்கு மூட வேணாம்மா, இருக்கட்டும்" என்றார். ஆராதனை முடியும்வரை அது திறந்தே கிடந்தது. யாரும் குளிருகிறது என்று சொல்லவில்லை.

எல்லாரும் தேத்தண்ணீர் குடிக்க வெளியே போன பிறகு நான் பூட்ட வந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் வீட்டுக்காரர் வடக்குப் பக்கம், சரிவில், வேட்டி நனைய நின்றுகொண்டிருந்தார். எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கூப்பிடவில்லை.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மருமகள், தூங்கிப்போன பிள்ளையோடு.

"அத்தை, அது பொண்ணா, பையனா?"

முப்பத்தெட்டு வருஷத்தில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"பொண்ணு" என்றேன். "தலை நெறைய முடி."

"பேரு?"

"வைக்கல. ஐயா வந்து வைக்கணும்னு இருந்தோம்."

"அப்ப இன்னைக்கு வைங்க. மூடறதுக்கு முன்னால வைங்க அத்தை."

வைத்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். கதவுக்கு வெளியே பார்த்துச் சொல்லத்தான் முதலில் வாய் எடுத்தேன். பிறகு திரும்பி நின்று, உள்ளே, அந்த முன் பெஞ்சைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன்.